கோதுமை ஆகாத அத்தான்

மே 3

என் அக்காள் பெற்ற அருமருந்தே, நாய் பூனை மாடு குதிரை அனைத்துக்கும் அஞ்சாமல் ஊசி போடும் வீராங்கனையே, பிடித்ததை விடாத குணத்தால் சின்ன வயசிலேயே என்னிடம் 'குறடு' என்று பட்டம் வாங்கியவளே,

பூட்டுக்கடை மாமன் எழுதுகிறேன். போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். இந்த ஊரில் நான் திறக்காத பூட்டு இல்லை. திறக்க முடியாத ஒரே பூட்டு உன் போனில் தொங்குகிறது. அந்த வயிற்றெரிச்சலில் நேற்று ஒரு இரும்பு அலமாரியைச் சாவியே இல்லாமல், வெறுமனே முறைத்துப் பார்த்துத் திறந்தேன். நம்பாவிட்டால் அலமாரிக்காரரைக் கேள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டு அப்புறம் வீட்டுக்குத் தகவல் சொன்ன நாளிலிருந்து உன் அப்பா, அதாவது என் மாண்புமிகு அத்தான், உன்னோடு பேசவில்லை. உன் அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்காகவும் அழுகிறாள். இடது கண் உனக்கு, வலது கண் அவருக்கு. கூடப்பிறந்த தம்பிக்கு என்று ஒரு கண் மிச்சம் வைத்தாளா?

ஆகவே சமாதான மாநாடு ஒன்றைக் கூட்டுகிறேன். இடம், கடைக்கு மேலே உள்ள என் அரண்மனை. ஒரு அறை, ஒரு சமையலறை, சாத்தினாலும் மூடிக்கொள்ளாத குளியலறைக் கதவு. (பூட்டுக்காரன் வீடு அப்படித்தான் இருக்கும்.) நாள், ஜூன் இரண்டாம் ஞாயிறு மதியம். நீ, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா ஒரு பக்கம். அத்தானும் அக்காவும் எதிர்ப்பக்கம். நடுவில் நடுவராக நான், கையில் கரண்டியோடு.

சாப்பாடு பீட்சா. சிரிக்காதே. வேறு எதைச் சமைத்தாலும் உன் அப்பா "எங்கம்மா செய்வா பாரு" என்று ஆரம்பிப்பார். சம்பந்தி அம்மா "எங்க வீட்டுல இதுக்கு இவ்வளவு எண்ணெய் விடமாட்டோம்" என்பார். பீட்சாவைப் பற்றி நம் இரண்டு குடும்பத்திலும் ஒருவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாத சாப்பாடு உலகத்தில் அது ஒன்றுதான். மூடப்போகிற ஹோட்டலில் பூட்டைக் கழற்றப் போனபோது கூலிக்குப் பதிலாக ஒரு அடுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. யானையைச் சம்மணம் போட வைத்து வேகவைக்கலாம், அவ்வளவு பெரிசு.

வருகிறாய் என்று எழுது. 

பூட்டு, சாவி, தற்சமயம் பீட்சா ஆகிய மூன்று துறைகளின் சக்கரவர்த்தி,
உன் மாமன்


மே 9

மாமா,

போனைத் திறக்கமாட்டேன். எழுதுங்கள், பதில் எழுதுகிறேன். காகிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது.

அன்றைக்குப் போனில் உங்களிடம் மட்டும் என்று நம்பித்தான் புலம்பினேன். "அப்பாவுக்கு மகளைவிட அட்டைதான் பெரிசு" என்று நான் சொன்னது உங்கள் காதுக்கு. நீங்கள், வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்திருந்த அப்பாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டிருந்தீர்கள். கேட்டால், "ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுவீங்கன்னு பார்த்தேன்." நன்றாகப் பேசினோம். அதோடு சரி.

ஊரில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகை அப்பாவின் அச்சகத்தில் அடித்தது. அவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு அட்டை கிடையாது. அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எரிச்சலில் அப்படிச் சொன்னேன். அதைத்தான் அவர் கேட்டார்.

வருகிறேன். ஆனால் நாங்கள் வருவதைச் சொல்லித்தான் அப்பாவைக் கூப்பிட வேண்டும். அவரை ஏமாற்றி வரவைத்திருந்தால் வாசலிலேயே திரும்பிவிடுவேன்.

அடுத்தது, இவருக்குப் பால் ஆகாது. பிடிக்காது என்பது இல்லை மாமா, ஆகாது. சீஸ், வெண்ணெய், நெய், தயிர், பால் பவுடர் எதுவுமே. தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். பையில் எப்போதும் ஊசி வைத்திருப்பார். ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, அவர் எக்ஸ்ரே எடுக்கிற அதே ஆஸ்பத்திரியில் அவரையே படுக்க வைத்தார்கள். "கொஞ்சூண்டுதானே" என்று நீங்கள் சொல்லும் குரல் இங்கேயே கேட்கிறது. கொஞ்சூண்டும் கூடாது.

அத்தைக்குப் பல் செட் புதிது. கடிக்கக் கஷ்டமாக இருந்தால் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். கறி, முட்டை தொடமாட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை, உப்பு இரண்டையும் குறைக்க வேண்டும். அவள் சொல்லமாட்டாள் என்பதால் நான் சொல்கிறேன்.

பேசாமல் பழம் நறுக்கி வைத்துவிடுங்களேன்.

இன்று ஒரு பூனை என் கையைக் கிழித்துவிட்டது. அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது.


மே 17

குறடே,

பழம் நறுக்குவதா? மாநாடு கூட்டிவிட்டு வாழைப்பழத்தை உரித்துக் கொடுப்பதா? என் பரம்பரைக்கே இழுக்கு.

நீ சொன்னபடி அச்சகத்துக்கு நேரிலேயே போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய கல்யாணமோ, பொன்னிறத்தில் எழுத்து. காய்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜூன் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க அத்தான். உங்க மகளும் மாப்பிள்ளையும் வர்றாங்க. சம்பந்தியம்மாவும் வர்றாங்க."

அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாடி ஏற முடியாதுப்பா. முட்டி."

"நாற்காலியோட தூக்கிட்டுப் போறேன்."

"நீயா? சாவிக்கொத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்குது உனக்கு." அடுத்த அட்டையைச் சாய்த்துப் பார்த்தார். "என்ன சாப்பாடு?"

"பீட்சா."

"எனக்குக் கோதுமை ஆகாது."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

சரி, கோதுமை இல்லாமலே ஆகட்டும் என்று சபதம் போட்டுவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது, பீட்சா என்பதே கோதுமைதான் என்று.

முதல் சோதனையை அரிசி மாவில் செய்தேன். பிசைந்தால் மணல். தண்ணீர் விட்டால் கூழ். தட்டினால் கோடைக்காலத்து ஏரி மாதிரி வெடிக்கிறது. கையில் எடுத்தால் விழுகிறது. அடுப்புக்குள் தள்ள ஒரு தட்டு இல்லையே என்று 'பூட்டு சாவி' என்று எழுதிய என் பழைய பெயர்ப்பலகைத் தகரத்தைக் கழுவி அதில் வைத்துத் தள்ளினேன். வெந்து வந்ததைத் தரையில் போட்டேன். தரை விரிசல் விட்டது, அது விடவில்லை. கீழே கடைக்கு வந்த வாடிக்கையாளர் "மேல என்ன, தச்சு வேலையா?" என்கிறார்.

இதைச் சம்பந்தி அம்மா புதுப் பல்லால் கடிக்க வேண்டும்! பல் தட்டுக்குப் பக்கத்தில் இருக்காது, தெருவுக்கு அந்தப் பக்கம் கிடக்கும்.

தனித்தனியாக ஆளுக்கொன்று செய்துவிடலாம் என்றும் யோசித்தேன். நடக்காது. உன் அம்மா தன் தட்டில் இருப்பதைப் பக்கத்துத் தட்டில் வைக்காமல் சாப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை. "நீங்க சாப்பிடுங்க, எனக்கு அதிகம்" என்று மாப்பிள்ளை தட்டில் சீஸை வைத்துவிடுவாள். ஆகவே எல்லாருக்கும் ஒரே பீட்சா. அதில் கோதுமை கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது, கறி கூடாது, உப்பு குறைவு, சர்க்கரை குறைவு, கடினம் கூடாது. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது தண்ணீரும் என் நல்ல மனசும்.

கோபத்தில் இருக்கும்,
மாமன்


மே 22

மாமா,

அப்பாவுக்கு எப்போதிலிருந்து கோதுமை ஆகாது? அம்மாவிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாதே, வீட்டுல ஒழுங்காத்தானே சாப்பிடறார், இப்பல்லாம் கொஞ்சமாச் சாப்பிடறார்" என்கிறாள். கொஞ்சமாகச் சாப்பிடுகிறார் என்றால் என்ன? இளைத்திருக்கிறாரா? வயிறு வலிக்கிறது என்கிறாரா? அவர் எதையுமே சொல்லமாட்டார். கை மெஷினில் மாட்டியபோதுகூடத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தவர்.

டாக்டரிடம் போனாரா என்று விசாரியுங்கள். உங்கள் பாணியில் வேண்டாம், சாதாரண மனிதர் மாதிரி விசாரியுங்கள். இரண்டு நாளாக எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு நாய்க்கு எழுத வேண்டிய மருந்தை இன்னொரு நாய்க்கு எழுதப் பார்த்தேன்.

மாவு விஷயமாக இவர் சொன்னது இது. அரிசி மாவோடு பாதிக்குப் பாதி சோள மாவு சேர்க்க வேண்டும். இசப்கோல் தெரியுமில்லையா, மலச்சிக்கலுக்குக் குடிப்பது, அதை வெந்நீரில் ஊற வைத்தால் பசை மாதிரி ஆகும். அதை விட்டுப் பிசைந்தால் மாவு பிடித்துக்கொள்ளும், வெடிக்காது. சீஸுக்குப் பதிலாக முந்திரியை ஊற வைத்து எலுமிச்சைச் சாறு விட்டு வெண்ணெய் மாதிரி அரைத்துக்கொள்ளுங்கள். முந்திரி அவருக்கு ஒன்றும் செய்யாது. இவ்வளவு நாள் எக்ஸ்ரே அறையில் ஒழுங்காக இருந்த மனிதர், இப்போது வீட்டுக்கு வந்ததும் "மாமா என்ன எழுதியிருக்கார்" என்று கேட்கிறார்.

அப்பாவைப் பற்றி உடனே எழுதுங்கள்.


மே 28

கண்ணே குறடே,

கண்ணீரைத் துடை. உன் அப்பாவுக்கு ஒரு வியாதியும் இல்லை. நூறு வருஷம் இருப்பார், நம்மையெல்லாம் புதைத்துவிட்டு நமக்கு அஞ்சலி அட்டையும் அடிப்பார்.

மருந்துக் கடையில் இசப்கோல் கேட்டேன். "எத்தனை?" என்றார். "இருக்கிறது எல்லாம்" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ரொம்ப நாளாவா?" என்று அன்போடு கேட்டார். விருந்துக்கு என்று சொன்னேன். அதிலிருந்து அந்தத் தெருவில் யாரும் என் வீட்டு விருந்துக்கு வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த அவமானப் பொட்டலத்தோடு வெளியே வந்து நிமிர்ந்தால், எதிர் பேக்கரியில் யார்? என் அத்தான்! கோதுமை ஆகாத அத்தான்! அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற மூலை மேசையில் உட்கார்ந்து, பன்னைப் பிட்டுக் காப்பியில் முக்கி, கண்ணை மூடி, ஒரு தவசியைப்போல மென்றுகொண்டிருந்தார். ஒன்று முடிந்தது. இன்னொன்று வந்தது. கேட்காமலே வந்தது, குறடே! பேக்கரிக்காரர் தானாகக் கொண்டுவந்து வைக்கிறார். தினமும் வருகிறவருக்குத்தான் அந்த மரியாதை. வீட்டில் கொஞ்சமாகச் சாப்பிடுகிற ரகசியமும் விளங்கிவிட்டது.

நான் இங்கே கல்லை உடைத்து மாவு பிசைகிறேன். முட்டங்கை வரை இசப்கோல் பசை. ராத்திரி தூக்கத்தில் கைதட்டினால் ஒட்டிக்கொள்கிறது. அவர் அங்கே பன் தின்கிறார்!

கேள், இன்னும் இருக்கிறது. மறுநாள் பார்த்தபோது "அத்தான், கோதுமை இல்லாமலே ஏற்பாடாயிடுச்சு" என்றேன். முகம் அப்படியே விழுந்தது. யோசித்தார். "தக்காளியும் ஒத்துக்கலப்பா. புளிச்ச ஏப்பம்" என்றார். பீட்சாவில் பாக்கி இருந்தது தக்காளி ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டார்!

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்த பிறகு பேக்கரிக்காரரையே சாட்சியாக மாடிக்குக் கூட்டிவருவதாக இருக்கிறேன். அத்தான் முகம் போகிற போக்கைப் பார்க்க நீ முன்வரிசையில் உட்கார வேண்டும்.

வெற்றி முழக்கத்தோடு,
துப்பறியும் மாமன்


ஜூன் 1

மாமா,

அதைச் செய்தீர்கள் என்றால் இனி உங்களுக்குக் கடிதமும் கிடையாது.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று படித்ததும் எங்கள் கால்நடை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். ஒரு ஆடு பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எனக்கும் உங்களைப்போல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன்.

வரமாட்டேன் என்பது ஒரே வார்த்தை. அவருக்கு அந்த வார்த்தை தெரியும். என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை சொல்லவில்லை, பாருங்கள். முட்டி என்கிறார், கோதுமை என்கிறார், தக்காளி என்கிறார். வருவதற்கும் மனசில்லை, வரமாட்டேன் என்று சொல்லவும் மனசில்லை. அவர் மாட்டேன் என்று சொல்லாத வரைக்கும் எனக்கு ஒரு வழி இருக்கிறது. நீங்கள் எல்லார் முன்னாலும் அவரை மடக்கினால் அவர் எழுந்து போவார். அப்புறம் திரும்பி வர அவருக்கும் வழி இருக்காது.

நானும் அதைத்தானே செய்தேன். "பத்திரிகை அடிக்கலாமாப்பா" என்று கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அதனால் அவர் என்ன கேட்டாரோ அதையே செய்யுங்கள். கோதுமை ஆகாது என்றால் கோதுமை ஆகாது. தக்காளி ஆகாது என்றால் தக்காளி ஆகாது. பன்னைப் பற்றி ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. சத்தியம் செய்து எழுதுங்கள்.


ஜூன் 6

குறடே,

சத்தியம். பன் என்ற சொல் என் வாயிலிருந்து வராது. நாக்கைக் கழற்றிக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை விழுங்கிவிட்டேன்.

தக்காளிக்குப் பதில் சிவப்புக் குடைமிளகாயையும் பரங்கிக்காயையும் சுட்டு அரைத்தேன். நிறம் பிரமாதம். ருசி கேட்காதே. அடி மாவு இசப்கோல் புண்ணியத்தால் இப்போது வெடிப்பதில்லை, நடுவில் மெத்தென்றும் இருக்கிறது. சம்பந்தி அம்மாவுக்கு நடுவிலிருந்துதான் வெட்டித் தருவேன். ஓரம் இன்னும் ஓடுதான். எத்தனையாவது சோதனை என்று கேட்டால் அழுதுவிடுவேன். தெருநாய் ஒன்று முதலில் வாசலில் காத்திருக்கும்; இப்போது என் அடுப்பு வாசம் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

என் தொழிலில் ஒன்று உண்டு. பல பூட்டை ஒரே சாவி திறக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு பூட்டும் எங்கே தடுக்கிறதோ அங்கே சாவியை அரத்தால் ராவிக்கொண்டே போக வேண்டும். பூட்டு கூடக்கூடச் சாவி ஒல்லியாகும். கடைசியில் பார்த்தால் சாவி மாதிரியே இருக்காது, ஏதோ ஒரு கம்பி. ஆனால் திறக்கும். என் பீட்சாவும் இப்போது அப்படி ஒரு கம்பி.

ஆனால் உன் அப்பா விஷயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் கதவுக்கு எந்தச் சாவி போட்டும் புண்ணியமில்லை. தட்டிவிட்டு நிற்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. எனக்கோ நிற்பது என்றால் அலர்ஜி. அதையும் விருந்தாளிகளின் தடைகளோடு சேர்த்துக்கொள்.

மேசையில் ஒரு சொட்டுப் பால் இருக்காது. மாப்பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொல்.

வாருங்கள்.
மாமன்


ஜூன் 15

மாமா,

வீட்டுக்கு வந்ததிலிருந்து இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மேசை நடுவில் எதற்கு ஒரு கூடை பன்?

"நான் ஒரு வார்த்தைகூடப் பேசலியே, வாய்க்குத்தானே சத்தியம், கூடைக்கா?" என்று படிக்கட்டில் என்னிடம் சொன்னீர்களே, அப்போது உங்களைத் தள்ளிவிட்டிருப்பேன், அத்தை பின்னால் வந்தார் என்பதால் விட்டேன். பேக்கரிக்காரரைக் கூட்டிவருவதற்குப் பதிலாகப் பன்னைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அப்பா தெரிந்துகொள்ளட்டும், ஆனால் யாரும் சொன்னதாக இருக்கக்கூடாது. உங்கள் விளையாட்டு எப்போதும் இப்படித்தான்.

கோதுமையை நினைத்தீர்கள். அதில் பால் இருக்குமே என்று நினைத்தீர்களா?

இவர் உங்கள் பீட்சா ஓட்டோடு அரை மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தார். பசி. மேசையில் ஒரு சொட்டுப் பால் கிடையாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், வாசலிலும், மாப்பிள்ளைக்குப் பால் ஆகாது என்று அப்பாவுக்கும் கேட்கும்படி சொல்லி, கையை உயர்த்தி அறிவித்தீர்கள். உங்களை நம்பித்தான் கையை நீட்டினார். நான் சமையலறையில் அத்தைக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது அப்பாவின் குரல்தான்.

"தம்பி! அதைத் தொடாதீங்க. அந்தக் கடை பன்னுக்கு மாவுலயே பால் ஊத்துவான். மேல பளபளன்னு இருக்கே, அதுவும் பால் தடவினதுதான்."

ஓடிவந்தேன். இவர் கை அந்தரத்தில் நிற்கிறது. அம்மா கேட்கிறாள், "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அப்பாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு, முட்டி வலி என்று சொன்ன மனிதர், கிடுகிடுவென்று படியிறங்கிப் போய்க் கீழே வைத்துவிட்டு ஏறி வந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். மேசையைத் துடைத்தார். இவர் தட்டை எடுத்துவிட்டு வேறு தட்டு வைத்தார். பிறகு உட்கார்ந்து உங்கள் ஓட்டைச் சாப்பிட ஆரம்பித்தார். ஓரம் உட்பட. இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார். கோதுமை ஆகாதவர் வேறு என்ன செய்வார்.

நீங்கள் அந்த நேரத்தில் சிரிக்கவில்லை. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

அப்புறம் அப்பா இவரிடம் கேட்டது, "ஒரு துளி பட்டாலும் அப்படித்தானா?" இவர் ஊசியை எடுத்துக் காட்டி, எப்படிக் குத்த வேண்டும் என்று தொடையில் வைத்துக் காட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் அச்சடித்திருந்ததை எல்லாம் படித்தார். "எழுத்து ரொம்பப் பொடிசு" என்றார். அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என்னிடம் ஒரு வார்த்தை? "தள்ளு" என்றுகூடச் சொல்லவில்லை. கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். இவ்வளவு தூரம் வந்து, ஒரு ஊசியோடு பேசிவிட்டுப் போகிறார். எல்லார் முன்னாலும் அவமானப்பட்டுவிட்டார், இனி வரமாட்டார். அந்தக் கூடை இல்லாமல் இருந்திருந்தால் என்னிடம் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று ரயில் முழுவதும் யோசித்தேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.


ஜூன் 24

குறடு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இந்தப் பத்தியில் அலங்காரம் கிடையாது. அத்தானைச் சீண்ட வேண்டும் என்ற நமைச்சலில் பால் என் புத்தியிலேயே இல்லை. நீ அத்தனை தடவை எழுதியும் இல்லை. மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் பெரிய மனசோடு "பரவால்ல மாமா" என்பார். நீ சொல்லாதே. 

அத்தானைப் பார்க்க அச்சகத்துக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம். தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் அத்தான்."

"வேலையா இருக்கேன். அப்புறம் வா."

மறுபடி போனேன். அதே கதவு, அதே பதில். வாடிக்கையாளர் யாரையும் உள்ளே விடவில்லையாம். உன் அம்மாவைக் கேட்டால், "சாப்பாட்டுக்குக்கூட லேட்டா வர்றார். பாத்திரக் கடையிலிருந்து புதுசா ஒரு தட்டு வாங்கிட்டு வந்து, 'இதுல வேற எதையும் வைக்காதே'ன்னு மேல எடுத்து வச்சிருக்கார்" என்கிறாள். பேக்கரியிலும் விசாரித்தேன். மூலை மேசை காலி.

அவர் கதவில் இருப்பது சாதாரணத் தாழ்ப்பாள். இடுக்கில் ஒரு கம்பியை விட்டு ஒரு தட்டு தட்டினால் போதும், கொட்டாவி விடும் நேரத்தில் திறந்துவிடுவேன். கம்பியைக் கையில் எடுத்தும்விட்டேன். உன் கடிதம் ஞாபகம் வந்தது. கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றேன். என் வாழ்க்கையிலேயே நான் திறக்காமல் விட்ட முதல் கதவு. நின்று நின்று கால் வேர்விட்டு, அதில் ஒரு கிளி கூடு கட்டி, குஞ்சு பொரித்துப் பேரன் பேத்தி எடுத்துவிட்டது. (மன்னித்துக்கொள், பழக்கதோஷம்.)

அவர் திறக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுப்பு வீட்டில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா


ஜூலை 2

மாமா,

இன்று தபாலில் ஒரு உறை வந்தது. பெரிய உறை, ஓரத்தில் பொன்னிறக் கோடு. அனுப்பியவர் பெயர் இல்லை, அச்சகத்தின் முத்திரை மட்டும். நான் பிரிக்கவில்லை, இவரைப் பிரிக்கச் சொன்னேன். இவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

கெட்டி அட்டை. கல்யாணப் பத்திரிகைக்கு அவர் வைத்திருப்பாரே, மேல் தட்டில், யாருக்கும் சுலபத்தில் எடுக்காதது, அந்த அட்டை. அப்படியே எழுதுகிறேன்.

"அன்புடையீர்,

எங்கள் அருமை மகளுக்கும் மருமகனுக்கும் சென்ற ஆண்டு திருமணம் இனிதே நடந்தேறியது. அதை முன்னிட்டு ஜூலை மூன்றாம் ஞாயிறு மதியம் எங்கள் இல்லத்தில் விருந்து. தாங்கள் அவசியம் வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்.

இவ்விருந்தில் பால், வெண்ணெய், நெய், சீஸ் அறவே கிடையாது."

அந்தக் கடைசி வரி பொன்னெழுத்து. மாப்பிள்ளை பெயரை எந்த அளவில் போடுவாரோ அந்த அளவு. அட்டையின் பாதியை அதுதான் பிடித்திருக்கிறது. பொடி எழுத்தில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

கீழே ஓரமாக ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. புத்தகத்தில் தப்பு நேர்ந்தால் கடைசியில் ஒட்டுவாரே, அது மாதிரி.

"பிழை: கோதுமை ஆகாது. தக்காளி ஆகாது. முட்டி வலி.
திருத்தம்: ஆகும். ஆகும். இல்லை."

அம்மாவிடம் பேசினேன். எத்தனை அட்டை அடித்தார் என்று கேட்டால், "எங்கே நிறுத்தினார், தெருவுல போறவங்களுக்கெல்லாம் கொடுக்கறார்" என்கிறாள். அந்தப் புதுத் தட்டு இவருக்காம். இனிமேல் அந்த வீட்டில் அது இவருடைய தட்டாம்.

எனக்கு இன்னும் உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அப்பா மேலும் இருக்கிறது. மகள் ஒருத்தி கதவுக்குப் பக்கத்தில் நின்றாள், அவளிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாமல் போய், ஊருக்கே அட்டை அடித்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கும் ஒன்று வரும். விருந்துக்கு வரும்போது அந்த அடுப்பையும் கொண்டுவரச் சொல்கிறார் என்று அம்மா சொன்னாள். இந்தத் தடவை மாவை அவர் பிசைவாராம். நீங்கள் பக்கத்திலேயே வரக்கூடாதாம்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா உங்கள் கடைக்கு வந்து உட்காருவாரே, அப்போது எனக்குப் போன் பண்ணுங்கள்.

ஸ்பீக்கரில் போடுங்கள்.

குறடு